எட்டு நாளாகக் கலயத்தில் தண்ணீர் மட்டும்

மர்கிலான் சந்தையின் தொட்டில் வரிசையில் சத்தத்துக்குக் குறைவிருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் அந்தச் சத்தம் வரிசையின் முனையிலிருந்து கடை கடையாக அடங்கிக்கொண்டே வந்தது. ரிஷ்தானிலிருந்து வந்திருந்த தோஜிகான் என்ற வாடிக்கைக்காரிக்குத் தொட்டில் காலின் வளைவைக் காட்டிக்கொண்டிருந்த மவ்ஜுதா நிமிர்ந்து பார்த்தாள்.

கூட்டத்தின் தலைகளுக்கு மேல் ஒரு தொட்டில் வந்துகொண்டிருந்தது. ஒரு கூலியாள் சுமந்து வந்தான். மெத்தை இருந்தது, கைகால் கட்டும் துணிப்பட்டைகள் தொங்கின, பிள்ளையின் கழிவு விழுவதற்காக மெத்தை நடுவே விட்ட ஓட்டைக்கு அடியில் மண்கலயம் ஆடியது. பிள்ளையைக் காணோம்.

புதுத் தொட்டில் சந்தையை விட்டு வெளியே போகும். புழங்கிய தொட்டில் வெறுமையாகச் சந்தைக்குள் வருகிறதென்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. எதிர்க்கடையில் உலர்பழம் விற்கும் கொமில் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, இரு கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தி முணுமுணுக்கத் தொடங்கினார். மவ்ஜுதா தொட்டிலின் தலைமாட்டைப் பார்த்தாள். அந்தத் தொட்டில் அவளுடையது. அவள் கணவன் துர்சுன் கடைந்தது. தலைமாட்டுக் கம்பத்து மாதுளம்பூ அவள் கையால் சாயம் பூசியது. குவாவிலிருந்து வந்த ஒரு தாய், மகளின் தலைப்பிள்ளைக்குச் சீராக அதை வாங்கிப்போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

கூலியாளுக்குப் பின்னால் வாட்டசாட்டமான ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால், முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி, இருபது வயதுப் பெண் ஒருத்தி. அவள் தோளில் ஒரு குழந்தை, வாயோரம் பால் வழிய, சந்தையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கன்னம் இரண்டும் கழுத்தை மறைத்துத் தொங்கின.

கொமில் ஏந்திய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டார். “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு துஆ ஓத வச்சிட்டீங்களே அக்கா,” என்றார்.

“அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கான்,” என்றாள் அந்தப் பெண்மணி. “இந்தத் தொட்டில்ல படுக்கறதுக்கு முந்தி இன்னும் நல்லா இருந்தான்.” கூலியாள் தொட்டிலைக் கடைக்கு முன்னால் இறக்கினான். “மவ்ஜுதாங்கறது நீதானே? உன் சாமானை நீயே வச்சுக்க.”

அவளை மவ்ஜுதாவுக்கு அடையாளம் தெரிந்தது. பட்டாலைத் தெருவில் ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் இனோயத். மூன்று தெருக்காரர்கள் காலையில் அவள் அடுப்புக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். அவள் விடியலில் சொன்னது மதியத்துக்குள் ரொட்டிச் சூட்டோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

“என்னக்கா ஆச்சு?”

“என்ன ஆச்சா? நாப்பதாம் நாள் விருந்து வச்சு இவனை இதுல கிடத்தினோம். அன்னிக்குக் காலையில வெளிக்குப் போனவன்தான். இன்னையோட எட்டு நாள். கலயத்துல தண்ணி விழுது, அதோட சரி. அதுக்கு முந்தி ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. துணி துவைச்சு என் மருமக கை வெந்துபோச்சு.”

“அதுக்குத் தொட்டில் என்ன பண்ணும்?”

“ஓட்டை கோணலா இருக்கும். இல்லேன்னா மரம் ராசியில்லாத மரமா இருக்கும். எனக்கென்ன தெரியும், நானா கடைஞ்சேன்? எங்க வீட்டுல ஏழு பிள்ளை தொட்டில்ல வளர்ந்துச்சு. ஒண்ணுகூட இப்படி அடைச்சுக்கிட்டுக் கிடந்ததில்ல.”

தோஜிகான், தான் தடவிக்கொண்டிருந்த புதுத் தொட்டிலிலிருந்து கையை மெதுவாக எடுத்தாள். மவ்ஜுதா அதைக் கவனித்தாள். பானையில் கீறல் என்றால் வேறு பானை கொடுத்துச் சமாளிக்கலாம். ‘மவ்ஜுதா தொட்டிலில் போட்டால் பிள்ளைக்கு வயிறு கட்டும்’ என்ற ஒரு வாக்கியம் இனோயத்தின் அடுப்பிலிருந்து கிளம்பிவிட்டால், துர்சுன் இனிமேல் நாற்காலிக்கால் கடைய வேண்டியதுதான்.

அவள் கடைக்குள் போய் ஒரு மரவளையத்தை எடுத்து வந்தாள். துர்சுன் தொட்டிலுக்கு ஓட்டை போடும்போதெல்லாம் வைத்துப் பார்க்கும் அளவு வளையம் அது. எல்லோரும் பார்க்க, மெத்தையைத் தூக்கி, பலகையின் ஓட்டையில் போட்டாள். வளையம் இம்மி பிசகாமல் உட்கார்ந்து, தட்டியதும் நழுவிக் கலயத்துக்குள் விழுந்தது.

“பார்த்தீங்களா?”

“வளையம் போகுது,” என்றாள் இனோயத். “பேரன் போகலையே.”

வரிசை முழுக்கச் சிரித்தது. குழந்தையும் எதற்கோ சிரித்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கொமில் தன் கடையிலிருந்தே ஆரம்பித்தார். உலர்ந்த ஆப்ரிகாட் நாலை ஊறவைத்து அந்தத் தண்ணீரில் இரண்டு கரண்டி கொடுத்தால் போதுமாம், அதுவும் இஸ்ஃபாரா ஊர்ச் சரக்காக இருக்க வேண்டுமாம், அது அவரிடம்தான் இருக்கிறதாம். தோஜிகான் முன்னால் வந்தாள். “அதெல்லாம் எதுக்கு? சோப்பைக் கூரா சீவி வச்சா அஞ்சு நிமிஷம். என் நாலு பிள்ளைக்கும் பண்ணியிருக்கேன்.”

சோப்புக் கடை மூன்றாவது கடைதான். மவ்ஜுதாவின் கண் தானாக அங்கே போனது. ஐந்து நிமிடம். இத்தனை பேர் பார்க்க, அவள் தொட்டிலிலேயே, அவள் கலயத்திலேயே பிள்ளை போய்விட்டால் வழக்கு முடிந்தது. இனோயத் வாயடைத்துப் போவாள். சோப்புக்காரனை அழைக்கக் கையைக்கூடத் தூக்கிவிட்டாள். அப்போதுதான் அந்தச் சின்னப்பெண், இனோயத்தின் மருமகள் மஸ்தூரா, குழந்தையின் பின்புறத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கியதைப் பார்த்தாள்.

தூக்கிய கையை மவ்ஜுதா இறக்கினாள். “நீ சொல்லும்மா. பிள்ளை உன்னுதுதானே. என்ன பண்றான்?”

“ஒண்ணும் பண்ணலக்கா,” என்றாள் மஸ்தூரா. “குடிக்கிறான், தூங்கறான், சிரிக்கிறான். காத்து மட்டும் விடறான், பெரிய மனுஷன் மாதிரி. நான் பயப்படணுமா வேண்டாமான்னுகூட எனக்குத் தெரியல.”

“அதைக் கேக்கத்தான் ஒரு ஆளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்குது,” என்று கொமிலின் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. கால்மணி நேரமாக வாங்காமலே திராட்சை தின்றுகொண்டிருந்த ருகியா அது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கும் மருத்துவமனை நர்ஸ். “சோப்பு சட்டி துலக்கறதுக்கு. அதை எவளாவது பிள்ளைகிட்டக் கொண்டுபோனா நான் அவளுக்கு வைப்பேன்.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், தொட்டில் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு மஸ்தூராவைப் பார்த்துக் கேட்டாள். “அசில்பெக்தானே இவன்? ஒரு மாசத்துல நாலு கிலோ இருநூறு எழுதினேன். பிறந்ததும் அந்தக் கறுப்பு மலம் எப்ப போனான்?”

“அன்னிக்கே.”

“நல்லது. ரெண்டு நாள் தாண்டியிருந்தா பிறந்தப்பவே உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்போம். கடைசியா போனது எப்படி இருந்துச்சு? கெட்டியா, உருண்டையா?”

“இல்ல, தயிர் மாதிரி. மஞ்சளா.”

“ரத்தம்? பச்சையா வாந்தி? காய்ச்சல்? மார்ல வாய வைக்காம முகத்தத் திருப்பிக்கிறது?”

எல்லாவற்றுக்கும் மஸ்தூரா தலையை ஆட்டி இல்லை என்றாள்.

“கலயத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊத்தறே?”

“மூணு தடவை, நிறைய இருக்கும். தொட்டில்ல இல்லாதப்ப துணியும் ஆறேழு நனையுது.”

“தாய்ப்பால் மட்டும்தானே? தண்ணி, டப்பாப் பால், டீ, எதுவும் கிடையாதே?”

மஸ்தூரா மாமியாரைப் பார்த்தாள். இனோயத் தொண்டையைச் செருமினாள். “கற்கண்டு டீ. ரெண்டே ரெண்டு கரண்டி. இதமா இருக்கட்டுமேன்னு.”

“உங்களுக்கு இதமா இருந்துச்சா? அப்ப நீங்களே குடிங்க. ஆறு மாசம்வரைக்கும் இவனுக்குப் பால்தான்.” ருகியா குழந்தையின் சட்டையை உயர்த்தி வயிற்றைத் திறந்தாள். “இங்க வாங்க. உங்க கை மாவு பாத்த கை. அமுக்கிப் பாருங்க. இது ஊறின மாவா, காஞ்ச மாவா?”

இனோயத் தயக்கத்தோடு இரண்டு விரலை வைத்து அமுக்கினாள். அவளையறியாமல் முகத்தில் தொழில்காரியின் திருப்தி வந்தது. “நல்லா உப்பின மாவு.”

“இது பறை மாதிரி விறைச்சிருந்தா நான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். கொமில் அண்ணே, தராசைத் துடைங்க.”

கொமில் தராசுத் தட்டின் மேல் சுத்தமான துண்டை விரித்தார். சட்டையைக் கழற்றி அசில்பெக்கை அதில் கிடத்தினார்கள். முள் ஐந்து கிலோ நூறில் நின்றது.

“கொமில் தராசு அது,” என்றான் மெத்தைக் கடைக்காரன். “அதுல தும்பிகூட இருநூறு கிராம் வரும்.”

“உன் பஞ்சைவிட என் தராசு சுத்தம்டா.”

சண்டை வேண்டாமென்று குழந்தையை நான்கு கடை தள்ளி அரிசிக்காரியின் தராசுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே நான்கு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. கொமிலிடம் நூற்றைம்பது கிராம் எங்கே என்று வரிசை முழுக்கக் கேட்டது. ருகியாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

“பதினெட்டு நாள்ல முக்கால் கிலோ போட்டிருக்கான். வேற என்ன வேணும்? இனோயத் அக்கா, முதல் மாசத்துல பிள்ளை போகலேன்னா கவலைப்படணும், பால் பத்தலையோன்னு. ஒன்றரை மாசம் ஆயிட்டா தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைங்க பல பேர் இப்படித்தான். பாலை முழுக்க உடம்பு எடுத்துக்குது, வெளியே தள்ள மிச்சம் இல்ல. சிலது தினம் போகும், சிலது வாரத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேலயும் போகும். உங்க நாப்பதாம் நாள் விருந்தும் அந்த வயசும் ஒண்ணா வந்துச்சு. நீங்க பழியைத் தூக்கித் தொட்டில்மேல போட்டுட்டீங்க.”

மவ்ஜுதா நிமிர்ந்து நின்றாள். வரிசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். ருகியா இன்னும் முடிக்கவில்லை.

“ஆனா ஒண்ணு. காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் இவனை இதுல கட்டிப் போட்டிருக்கீங்க, இல்லையா? கால்ல பட்டை பதிஞ்ச தழும்பு இருக்கு. உங்களை மல்லாக்கப் படுக்க வச்சு, முழங்காலை நீட்டிக் கட்டிப்போட்டு, ம்ம் போன்னா உங்களுக்கு வருமா?”

இந்த முறை சிரிப்பு வாசல்வரை போனது. இனோயத் சிவந்துபோனாள். ஆனால் பேச்சில் தனக்குச் சாதகமாக விழும் சொல்லைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவள் அவள். “கேட்டீங்களா எல்லாரும்? தொட்டில்தான்னு நர்ஸே சொல்லிட்டா.”

“நான் கட்டைச் சொன்னேன்.”

“கட்டு எதுல இருக்கு? தொட்டில்ல. இது இங்கயே கிடக்கட்டும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பிள்ளை தொட்டில் இல்லாம இருக்கட்டும். அதுக்குள்ள போனான்னா தொட்டில் குத்தம். அன்னிக்கு வந்து பேசிக்கறேன்.”

“செவ்வாய்க்கிழமை போனாலும் போகாட்டியும் என்கிட்டக் கொண்டு வாங்க,” என்றாள் ருகியா. “நான் கேட்டதுல எது ஒண்ணு நடந்தாலும் செவ்வாய் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிஷமே வரணும்.”

தோஜிகானும் கிளம்பினாள். “நானும் செவ்வாய்க்கிழமையே வர்றேம்மா,” என்றாள் மவ்ஜுதாவிடம். “என்ன ஆகுதுன்னு பாத்துக்கிட்டு வாங்கறேன். கோவிச்சுக்காதே.”

அன்று மவ்ஜுதா ஒரு தொட்டில்கூட விற்கவில்லை.

மறுநாள் மதியம் வீட்டில் தொழுது முடித்து விரிப்பை மடிக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பட்டறையிலிருந்து சாப்பிட வந்த துர்சுன் வாசலிலேயே நின்று பார்த்தான்.

“இவ்வளவு நேரம் என்ன கேக்கற? ஹஜ்ஜா?”

“அவன் செவ்வாய்க்கிழமை வரைக்கும் போகக்கூடாதுன்னு.”

“எவன்?”

“இனோயத் பேரன். அதுக்கப்புறம் எப்ப வேணாலும் போகட்டும்.”

துர்சுன் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான். “ஒன்றரை மாசப் பிள்ளையோட வயித்தைக் கட்டிப் போடச் சொல்லி ஆண்டவன்கிட்ட மனு கொடுக்கற. இனோயத் துணிப்பட்டையால கட்டினா. நீ துஆவால கட்டற. யாரு மேல்?”

அவள் எழுந்தாள். விரிப்பை மடித்தாள். நேற்று அந்தச் சின்னப்பெண் குழந்தையைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது கண்முன்னே வந்தது. தன்னைப் பார்த்துத்தான் அவள் பின்வாங்கினாள் என்பது இப்போதுதான் உறைத்தது. பிறகு, சுடுசோறு ஆறிக்கொண்டிருக்க, விரிப்பை மறுபடியும் பிரித்தாள்.

“இப்ப என்ன?”

“மனுவைத் திருப்பி வாங்கறேன்,” என்றாள். “நீங்க சாப்பிடுங்க.”

செவ்வாய்க்கிழமை காலையில் சந்தையில் ஆள் குறைவு. ஆனாலும் தொட்டில் வரிசையில் எல்லாக் கடையும் திறந்திருந்தது. கொமில் மூன்று தரம் வந்து “தகவல் உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார். சொன்னபடி தோஜிகான் வந்து, கடைமுன் முக்காலியில் உட்கார்ந்து, நாடகம் பார்க்க வந்தவள்போல சூரியகாந்தி விதை கொறித்தாள்.

பதினோரு மணிக்கு இனோயத் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நடை இல்லை. கண்ணிரண்டும் அடுப்புத்தணல் மாதிரி இருந்தன. பின்னால் குழந்தையோடு வந்த மஸ்தூராவும் நடந்துகொண்டே தூங்குகிறவள்போல் இருந்தாள். அசில்பெக் மட்டும் தெளிவாக இருந்தான்.

“போனான்,” என்றாள் இனோயத்.

“எப்படி இருந்துச்சு? கெட்டியா?” மவ்ஜுதா தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

“தயிர் மாதிரிதான். ஆனா ஒரு விருந்துக்குக் காணும்.” இனோயத்தின் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. “நேத்து மதியம். பாயில கிடந்து காலை உதைச்சுக்கிட்டிருந்தான். முகம் மாதுளம்பழம் ஆச்சு. சுமை வண்டி இழுக்கிறவன் மாதிரி முக்கினான். என்னமோன்னு தூக்கி மடியில வச்சேன். என் புதுப் பட்டு. முழுக்க. நர்ஸ்கிட்ட இப்பதான் காட்டிட்டு வர்றோம். எல்லாம் சரின்னு சொல்லிட்டா.”

மவ்ஜுதா குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்து முத்தமிட்டாள். கணக்கு எப்படித் தீர்ந்திருக்கிறது என்று அப்போது அவளுக்கு நினைவே இல்லை. தோஜிகான் நினைவுபடுத்தினாள்.

“தொட்டில் இல்லாம இருந்தப்பதான் போயிருக்கான். அப்ப தொட்டில்தான் குத்தம்.”

“ஆமா,” என்றாள் இனோயத். “குத்தம்தான்.” தோஜிகான் இருந்த முக்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். “குத்தமோ குணமோ, எனக்கு அந்தத் தொட்டிலைக் கொடு.”

“என்னக்கா சொல்றீங்க?”

“ரெண்டு நாளா எங்க வீட்டுல எவனும் தூங்கல. தோள்ல போட்டா தூங்கறான், பாயில போட்டா முழிச்சுக்கறான். மருமக தூக்கறா, மகன் தூக்கறான், நான் தூக்கறேன். என் வீட்டுக்காரர் ரொட்டி ஒட்டப் போய் அடுப்புமேலயே தூங்கி விழப் பார்த்தார். இன்னிக்கு ரொட்டியில பாதி கரி. தெருவே என்னைக் கேள்வி கேக்குது.”

எதிர்க்கடையில் கொமில் சிரிப்பை அடக்க ஒரு பிடி திராட்சையை வாயில் போட்டுக்கொண்டார்.

தொட்டில் மூலையில் துணி போர்த்தி நின்றது. மவ்ஜுதா அதன்மேல் கையை வைத்தாள். “கொடுக்கறேன். ஆனா இந்த வரிசை முழுக்க ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னதைக் கேட்டுச்சு. யாரு கட்டினதுன்னு ஒரு தடவை சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க.”

“சொல்லலேன்னா?”

“இன்னிக்கும் தோள்லயே தூங்கட்டும்.”

இனோயத் மருமகளைப் பார்த்தாள். மஸ்தூரா கொட்டாவியை மறைக்க முகத்தைத் திருப்பினாள். இனோயத் எழுந்தாள். அடுப்பங்கரையில் மூன்று தெருவுக்குக் கேட்க ‘ரொட்டி ரெடி’ என்று கூவும் அதே குரலில் சொன்னாள். “நான்தான் கட்டினேன். இறுக்கித்தான் கட்டினேன். அடுப்பு வேலை நடக்கணுமேன்னு நாள் பூரா கட்டி வச்சேன். தொட்டில் சும்மா மரம். போதுமா?”

“போதும்.”

“இனிமே தூங்கறப்ப மட்டும்தான்,” என்றாள் மஸ்தூரா, முதல்முறையாக யாரும் கேட்காமலே. “நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி. நான்தான் கட்டுவேன் அத்தை.”

இனோயத் கொட்டாவி விட்டுக்கொண்டே நகர்ந்து மருமகளுக்கு வழிவிட்டாள்.

மஸ்தூரா மெத்தையைத் தட்டி விரித்து மகனைக் கிடத்தினாள். பட்டைகளைக் காலுக்குக் குறுக்கே போட்டு முடிச்சிட்டாள். அந்தப் பெண்ணாகவே முடிச்சுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, இடம் இருக்கிறதென்று தெரிந்துகொண்டு, பிறகுதான் அடுத்த முடிச்சுக்குப் போனாள். அசில்பெக் முழங்காலை ஒருதரம் மடக்கி நீட்டிப் பார்த்தான். இரண்டாவது ஆட்டலில் தூங்கிப்போனான். அவனைத் தொட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றக் கொமில்தான் போனார்.

அவர்கள் போனதும் தோஜிகான் கையிலிருந்த விதைத்தோலை உதறினாள். “அப்ப உன் தொட்டில்ல போட்டா பிள்ளை சரியா வெளியே போகுமா, போகாதா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லு.”

“அதுக்கு நான் பொறுப்பில்லக்கா. அது அவன் பாடு, அவங்கம்மா பால் பாடு.” மவ்ஜுதா ஞாயிற்றுக்கிழமை காட்டிய தொட்டிலை மறுபடியும் முன்னால் இழுத்தாள். “தூங்குவான். அதுக்கு மட்டும் நான் பொறுப்பு. முழிச்சதும் அவிழ்த்துப் பாயில விட்டுடணும், அதைச் சொல்லாம நான் விக்கறதில்ல. இன்னிலேர்ந்து.”

தோஜிகான் தொட்டிலை ஒருதரம் ஆட்டிப் பார்க்கப் போனாள். மவ்ஜுதா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையில்லாத தொட்டிலை ஆட்டக்கூடாது. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். தோஜிகான் அங்கே கிடந்த ஒரு மூட்டை பஞ்சைத் தூக்கி அதில் வைத்துவிட்டு ஆட்டினாள்.

“ஓசைப்படலை,” என்றாள். “மகளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இதை எனக்கு எடுத்து வை.”